பழைய எஸ்யூவி, வழுக்கும் கியர்பாக்ஸ், பின்னால் ஒரு டிரெய்லர்

பழைய எஸ்யூவியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்விதான் திரும்பி வருகிறது. வண்டி இன்றைக்கு என்ன விலைக்குப் போகும், ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்? ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டினால் தள்ளிவிடு, தாண்டாவிட்டால் சரிசெய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரெய்லர் இழுக்க வேண்டிய வண்டிக்கு இந்தக் கணக்கு போதாது என்பதுதான் கொஞ்ச காலமாக இதையே படித்து, ஓட்டுகிறவர்களிடமும் கியர்பாக்ஸ் பிரிக்கிறவர்களிடமும் கேட்டு நான் வந்து சேர்ந்த முடிவு. சரிசெய்த கியர்பாக்ஸும் அதே சுமையை அதே மேட்டில் அதே வெயிலில்தான் இழுக்கப் போகிறது. முதலாவதைக் கொன்றது எதுவோ அது அங்கேயே இருந்தால் புதிதாகப் போட்டதையும் அது விடாது. அதனால் எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்னால் ஏன் போச்சு என்று கேட்க வேண்டும்.

என் வண்டி லேடர் ஃபிரேம் என்ற ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை ஏற்றிய பழைய பாணி எஸ்யூவி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். பின்னால் வருவது படகு ஏற்றிய டிரெய்லர். படகு, மோட்டார், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்து 1,600 கிலோ பக்கம். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகத்தான் ஓடுகிறது. சூடேறிய பிறகு மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஒரு கணம் எகிறுகிறது, வேகம் கூடுவதில்லை. நிறுத்திவிட்டு ரிவர்ஸ் போட்டால் உடனே பிடிக்காமல் தாமதித்து, அப்புறம் ‘டக்’கென்று பிடிக்கிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது, மேடுபள்ளமான சாலையில் ஏறிவிட்டோமோ என்று நினைக்கிற அளவுக்கு ஓர் அதிர்வு வந்து போகிறது. தனியாக ஓட்டினால் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம். டிரெய்லரோடு தள்ள முடியாது. மேட்டில் பாதி ஏறிய நிலையில் கியர்பாக்ஸ் பிடி விட்டால் பின்னால் இருக்கும் 1,600 கிலோவும் கீழ்நோக்கி இழுக்கும், நமக்குப் பின்னால் வேறு குடும்பங்கள் வந்துகொண்டிருக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் டிரெய்லரே இழுக்கக் கூடாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவில் இருக்கிற டார்க் கன்வெர்ட்டரை ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியதே கப்பல்களுக்காகத்தான். படுவேகமாகச் சுழலும் நீராவி டர்பைனின் சக்தியை மெதுவாகச் சுழல வேண்டிய புரொப்பெல்லருக்குக் கொண்டுசேர்க்க. பெரிய சுமையை நின்ற இடத்திலிருந்து நகர்த்துவது அதற்குப் பிறவிக் குணம். வண்டி கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசையை அது ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருகிறது. மேனுவல் வண்டியில் மேட்டில் சுமையோடு கிளம்பினால் கிளட்ச் தேயும், இங்கே அந்த வேலையை ஆயில் செய்கிறது. ஆனால் அதற்கான கூலியை ஆயில் சூடாக வாங்கிக்கொள்கிறது. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றாத ஒவ்வொரு நொடியும் அந்த வித்தியாசம் சூடாக ஆயிலில் இறங்குகிறது. மேட்டில் எஞ்சின் 60 கிலோவாட் தருகிறது, கன்வெர்ட்டர் 10 சதவீதம் வழுக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 6 கிலோவாட் சூடு. அறையைச் சூடாக்கும் பெரிய மின்ஹீட்டர்கள் மூன்றைக் கொண்டுபோய் அந்தக் கொஞ்ச ஆயிலுக்குள் முக்கிவைத்த மாதிரி. இந்த வழுக்கலை நிறுத்தத்தான் உள்ளே லாக்-அப் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. அது பிடித்துவிட்டால் எஞ்சினும் கியர்பாக்ஸும் நேரடியாக இணைந்துவிடும், சூடு மளமளவென்று இறங்கும். என் வண்டியில் 70-இல் வரும் அதிர்வு அந்த லாக்-அப் கிளட்ச் பிடித்தும் விட்டும் தடுமாறுவது. அதாவது சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டியதே முதலில் போயிருக்கிறது.

சாதாரண ஓட்டத்தில் கியர்பாக்ஸ் ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும், அங்கே இருந்தால் அது நிம்மதியாக வேலை செய்யும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு: 80-க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். இன்றைய சிந்தெட்டிக் ஆயில்கள் இதைவிடத் தாங்கும் என்றாலும் போகிற திசை அதுதான். 120-ஐத் தாண்டினால் ஆயில் சிதைந்து வார்னிஷ் மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும், அந்தப் பிசுக்கு மெல்லிய வால்வுகளில் படியும். 150 பக்கம் போனால் ரப்பர் சீல்கள் இறுகி, அழுத்தம் கசிந்து, உள்ளே கியர்களைப் பிடித்து இணைக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கி, வழுக்குவதாலேயே இன்னும் சூடேறும். இந்தச் சுழலில் ஒரு முறை சிக்கிய கியர்பாக்ஸ் தானாக மீண்டு வருவதில்லை. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான பழைய எஸ்யூவிகளின் டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூட்டைக் காட்ட ஒரு முள் கூடக் கிடையாது, எஞ்சின் கூலண்ட் சூட்டைத்தான் காட்டுகிறார்கள். கூலண்ட் முள் நடுவில் அசையாமல் நிற்கும்போதே கியர்பாக்ஸ் ஆயில் கொதித்துக்கொண்டிருக்கலாம். இழுவைக்கு விற்கிற வண்டியில் இதை விட்டுவைத்தது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

சரி, ஏன் போச்சு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னாலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம். முதலில் ஆயில் அளவு. ஆயிலை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸ்களில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பக்கவாட்டுப் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும், அவசரத்தில் எடுத்த அளவு எதற்கும் ஆகாது. குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அதிகமாக இருந்தால் சுழலும் பாகங்கள் ஆயிலை நுரைத்துவிடும், இரண்டிலும் கிளட்ச் வழுக்கும். அப்புறம் நிறமும் வாசனையும். சிவப்பு மங்கிப் பழுப்பாவது வயதின் அடையாளம். கறுத்து, கருகிய நெடி அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய விழுது ஒட்டியிருக்கும், அது இயல்பான தேய்மானம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரும்புச் சீவல்களோ கருப்புக் கிளட்ச் துணுக்குகளோ கொத்துக் கொத்தாகக் கிடந்தால் ரிப்பேர் பெரியது. ஸ்கேனரில் பி0700 என்ற பிழை எண் மட்டும் வந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஏதோ மனக்குறை இருக்கிறது என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை, உள்ளே போய் அடுத்த பிழை எண்ணைப் படிக்க வேண்டும். பி0741 என்றால் லாக்-அப் சரியாகப் பிடிக்கவில்லை, பி0730 என்றால் போட்ட கியருக்கும் கிடைக்கும் விகிதத்துக்கும் பொருந்தவில்லை, பி0218 என்றால் கியர்பாக்ஸ் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. கடைசியாக லைன் பிரஷர் சோதனை. கேஜை மாட்டி ஆயில் அழுத்தத்தைப் பார்ப்பது. இதைச் செய்யாமலே “முழுசா மாத்திடலாம்” என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். சோலினாய்டு என்ற மின்சார வால்வு ஒன்று பழுதாகி அழுத்தம் குறைந்தால் கூட, கிளட்ச் தேய்ந்தது போன்ற அதே அறிகுறிகள்தான் வரும், ஆனால் அதற்கு வால்வுகள் இருக்கும் வால்வ் பாடியை மட்டும் இறக்கினால் போதும், கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. வயதாகி அந்தச் சுவர் விரிசல் விட்டால் கூலண்டும் ஆயிலும் கலந்து இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆகிவிடும். கூலண்டில் இருக்கும் தண்ணீரும் கிளைகால் என்ற வேதிப்பொருளும் கிளட்ச் தட்டில் உராய்வுப் பூச்சை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கின்றன, அதற்குப் பிறகு ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிற பழைய வண்டிக்காரர்களும் ரேடியேட்டரின் வயதைப் பார்த்து முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. ரேடியேட்டர் எவ்வளவு விலையாக இருந்தாலும் கியர்பாக்ஸை விட மலிவுதான்.

என் வண்டியில் பேனுக்குள் கருப்புத் துணுக்குகள் இருந்தன, பிரஷர் சூடானதும் இறங்கியது, கூலண்ட் கலக்கவில்லை. அதாவது சூட்டில் தேய்ந்த கியர்பாக்ஸ். வால்வ் பாடியோடு முடிகிற கதை இல்லை.

பழைய ஆயிலை மாற்றினாலே கியர்பாக்ஸ் போய்விடும் என்ற பேச்சும் காதில் விழுந்தது. அதில் பாதி உண்மை. ஏற்கெனவே தேய்ந்த கிளட்ச்சுகளுக்கு, அழுக்கு ஆயிலில் மிதக்கும் உராய்வுத் துகள்கள்தான் கொஞ்சமாவது பிடிமானம் கொடுத்துக்கொண்டிருக்கும், புது ஆயில் வந்ததும் அது போய்விடுகிறது. அப்படிச் செத்த கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதால் சாகவில்லை, கணக்கு முடிந்த நேரத்தில் ஆயில் மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி வழிகள். செகண்ட்ஹேண்ட் கியர்பாக்ஸ் வாங்கிப் போடுவது மலிவு, ஆனால் அதுவும் என் வண்டி வயதுள்ள இன்னொரு வண்டியிலிருந்து வருகிறது, அது என்ன இழுத்தது என்று யாருக்கும் தெரியாது. நகரத்துக்குள் ஓட்ட மட்டும் என்றால் யோசிக்கலாம், டிரெய்லருக்கு நான் போட மாட்டேன். அடுத்தது இருக்கிற கியர்பாக்ஸையே பிரித்து ஓவர்ஹால் செய்வது. கிளட்ச் தட்டுகள், சீல்கள், ஃபில்டர், பேண்ட் என்ற பிடிப்புப் பட்டை இருந்தால் அதுவும், எல்லாம் புதிது, டார்க் கன்வெர்ட்டரையும் கட்டாயம் மாற்ற வேண்டும், ஏனென்றால் பழைய கன்வெர்ட்டருக்குள் தங்கியிருக்கும் துகள்கள் புதுக் கிளட்ச்சுக்குள்தான் வந்து சேரும். இதில் எல்லாம் செய்பவரின் கையில் இருக்கிறது. நல்ல கை அமைந்தால் தொழிற்சாலை விட்ட பலவீனங்களைக் கூடச் சரிசெய்து தருவார், அவசரக் கை அமைந்தால் கிளட்ச்சை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த பம்பையும் வால்வ் துளைகளையும் அப்படியே பூட்டிவிடுவார். மூன்றாவது, தொழிற்சாலை முறையில் மறுவுருவாக்கம் செய்து, டைனோ என்ற சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து அனுப்பும் கியர்பாக்ஸ். செலவு கூட. வாரண்டியும் கூட. ஆனால் அந்த வாரண்டித் தாளின் சின்ன எழுத்துகளை உட்கார்ந்து படியுங்கள், சில வாரண்டிகளில் டிரெய்லர் இழுத்தால் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். டிரெய்லருக்காகவே வாங்குகிறவனுக்கு அந்த வரி இருந்தால் வாரண்டியே இல்லை.

இப்போது எடைக்கு வருகிறேன், இதில்தான் எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். விளம்பரத் தாளில் இருக்கும் இழுவைத் திறன் என்ற எண்ணை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர்கள் அமைப்பு ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை 2008-இல் வெளியிடும் வரை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு அளந்து எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சோதனைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் ஏற்றம். சுமார் 18 கிலோமீட்டர் நீளம், 38 டிகிரி வெயில், ஏசி முழு வேகத்தில், முழுச் சுமையோடு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் அதில் ஏறுவது புது வண்டி. அடைபட்ட ரேடியேட்டரும் அதன் விசிறியை இயக்கும், தளர்ந்துபோன ஃபேன் கிளட்ச்சும் கொண்ட பழைய வண்டிக்கு அந்த எண் சொந்தமில்லை. என் வண்டி அந்த முறை பரவலாவதற்கு முன்னால் வந்தது வேறு.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கான உச்சவரம்பு. உதாரணத்துக்கு, மொத்த வரம்பு 4,500 கிலோ, இழுவைத் திறன் 2,500 கிலோ, காலி வண்டி 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி 450 கிலோ ஆனால் டிரெய்லருக்கு மிச்சம் 2,050 மட்டுமே, தாளில் 2,500 என்று இருந்தாலும். அதோடு டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும், அப்போதுதான் டிரெய்லர் வாலாட்டாமல் வரும். அந்த எடை வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். சில வண்டிகளில் கொக்கி தாங்கும் எடையை இதைவிடக் குறைவாகக் கொடுத்திருப்பார்கள், அங்கே வண்டியின் கையேடு சொல்வதுதான் முடிவு. என் 1,600 கிலோ இந்த எல்லா வரம்புகளுக்குள்ளும் தாராளமாக அடங்குகிறது. அடங்காமல் இருந்திருந்தால் கியர்பாக்ஸைப் பற்றி மேலே யோசித்திருக்கவே மாட்டேன், வண்டியை மாற்றியிருப்பேன்.

அப்புறம் மிச்ச வண்டி. ஃபிரேமின் பின்பகுதி, கொக்கியை முடுக்கியிருக்கும் இடம், துருப்பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்தாயிற்று, கெட்டியாக இருக்கிறது. எஞ்சின் கம்ப்ரெஷன் ஆறு சிலிண்டரிலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறது. பிரேக் சரி, டிரெய்லருக்கும் தனி பிரேக் உண்டு. பின் ஸ்பிரிங்குகள் கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன, மாற்ற வேண்டும். ஃபிரேமில் துரு இருந்தால் எவ்வளவு நல்ல கியர்பாக்ஸ் போட்டாலும் வீண் என்பதால் இதை முதலிலேயே பார்த்தேன்.

வேறு வண்டி வாங்குவதையும் மனப்பூர்வமாக எடைபோட்டேன். இப்போது வருகிற எட்டு, பத்து கியர் ஆட்டோமேட்டிக்குகள் மேட்டில் எஞ்சினைச் சரியான சுழற்சியில் வைத்திருப்பதிலும் லாக்-அப்பைச் சீக்கிரம் பிடிப்பதிலும் என் பழைய ஐந்து கியரை விட எவ்வளவோ மேல். ஆனால் எஸ்யூவி என்ற பெயரில் விற்கிறவற்றில் நிறையக் கார் அடித்தளத்தில் செய்தவை, சிலவற்றில் தனித்தனி கியர்களே இல்லாத சிவிடி, அவற்றின் இழுவை வரம்பு என் டிரெய்லருக்குக் கீழே நின்றுவிடுகிறது. வருடத்தில் எப்போதாவது ஒரு முறை இழுப்பவருக்கு நான் சொல்வது வேறு: அந்த நாளுக்கு மட்டும் இழுவை வண்டியை வாடகைக்கு எடுங்கள், பழைய வண்டியைச் சும்மா ஓட்டுங்கள், கியர்பாக்ஸுக்குப் பெரிய பணம் போடாதீர்கள். நான் சீசன் முழுக்கத் தண்ணீரில் இருக்கிற ஆள், எனக்கு அது ஒத்துவராது.

ஆகவே சரிசெய்கிறேன். மறுவுருவாக்கம் செய்த கியர்பாக்ஸ், புது டார்க் கன்வெர்ட்டரோடு, டிரெய்லரையும் சேர்த்து எழுத்தில் வாரண்டி கொடுக்கும் இடத்திலிருந்து. அதோடு சேர்த்துச் செய்யும் வேலைகளைத்தான் நான் கியர்பாக்ஸை விட முக்கியமாக நினைக்கிறேன். ரேடியேட்டர் புதிது, ஏனென்றால் பழைய கூலர் குழாய்க்குள் தங்கிய துணுக்குகளை முழுதாகக் கழுவி எடுப்பது நடக்காத காரியம். ஏசி கண்டென்சருக்கு முன்னால் தனியாக ஓர் ஆயில் கூலர், தட்டுகளை அடுக்கிச் செய்த வகை, ரேடியேட்டரைக் கடந்து வரும் ஆயில் அதற்குள் போய்விட்டுக் கியர்பாக்ஸுக்குத் திரும்பும்படி. ஃபேன் கிளட்ச். டாஷ்போர்டில் ஆயில் சூட்டைக் காட்டும் கேஜ். பொருத்தியதும் கம்ப்யூட்டரின் பழைய கற்றலை அழித்துப் புதிதாகப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்த கிளட்ச்சுக்குப் பழகிய அழுத்தத்தைப் புதுக் கிளட்ச் மேல் போட்டு ஒவ்வொரு கியரையும் இடித்து மாற்றும்.

முதல் 800 கிலோமீட்டர் டிரெய்லர் கிடையாது, அதற்குப் பிறகு ஆயிலை மாற்றிவிட்டுத்தான் இழுவை. ஓட்டுவதிலும் சில விஷயங்களை உறுதியாக வைத்திருக்கிறேன். மேட்டில் ஓவர்டிரைவை, அதாவது மேல் கியரை, அணைத்துவிடுவேன், நான்கும் ஐந்தும் மாறி மாறித் தேடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் லாக்-அப் விட்டுப் பிடிக்கும், சூடு அங்கேதான் ஏறும். சமதரையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மாட்டேன். 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு, அந்தக் கூடுதல் சக்தி முழுவதும் கியர்பாக்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். படகுத் துறையில் டிரெய்லரை மேட்டுப்பக்கம் ரிவர்ஸில் தள்ள வேண்டி வந்தால் வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சில் போட்டுத்தான் தள்ளுவேன், ஊர்ந்து போகும் வேகத்தில் கன்வெர்ட்டர் வழுக்குகிற அளவுக்கு நெடுஞ்சாலையில் கூட வழுக்காது. ஆயில் சூட்டுக் கேஜ் 110 டிகிரியைத் தொட்டால் சமதரையாகப் பார்த்து ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் விட வேண்டும். சில கியர்பாக்ஸ்களில் பார்க்கில் போட்டால் கூலருக்கு ஆயில் போவதில்லை, எஞ்சினை அணைத்தால் எதிலுமே போகாது.